சமன்பாட்டில் சிக்காத எண்

ரூட் 2 தசமத்தில் முடியாதுதான். ஆனாலும் வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்தால் பூஜ்யம். ஒரு சமன்பாட்டில் மாட்டிக்கொள்கிறது. முழு எண் கெழுக்கள் உள்ள எந்தச் சமன்பாட்டிலும் மாட்டாத எண் உண்டா? உண்டென்று 1844-ல் நிரூபித்தவர் பிரான்ஸின் லியூவில்.

0.110001000... என எழுதுங்கள். 1, 2, 6, 24, 120 என்ற ஃபேக்டோரியல் இடங்களில் மட்டும் 1, மற்றதெல்லாம் 0. பூஜ்யக் கூட்டம் நீண்டுகொண்டே போவதால் தசமம் சுழலாது. ஆகவே இது பின்னமல்ல.

சரி, இது ஒரு முப்படிச் சமன்பாட்டின் மூலம் என்றே வைப்போம், அதைவிடக் குறைந்த படியில் அடங்காது என்றும். அதில் ஒரு பின்னத்தைப் போட்டால் பூஜ்யம் வராது. வரும் விடை, 1-ஐப் பகுதியின் கனத்தால் வகுத்ததைவிடச் சிறியதாகாது. சாய்வுக்கோ ஓர் எல்லை உண்டு. அதனால் பின்னம் மூலத்தை ரொம்ப நெருங்க முடியாது.

நம்ம எண்ணை 24-ஆம் இடத்தில் வெட்டுங்கள். பகுதி 10-இன் 24-ஆம் அடுக்கு. பிழை 120-ஆம் இடத்தில்தான், அதாவது பகுதியின் 5-ஆம் அடுக்கு! அடுத்த வெட்டில் 6, பிறகு 7. எந்தப் படியும் எந்த மாறிலியும் தாங்காது.

'ஈ'க்கு ஹெர்மிட் (1873), 'பை'க்கு லிண்டமன் (1882) வரவேண்டியிருந்தது. இரண்டையும் கூட்டினால்? பின்னமா இல்லையா என்றுகூட இன்னும் யாருக்கும் தெரியாது.