கண்டியில் ஒரு பகல்



அயல்நாட்டு நகரம் ஒன்றைக் காணச் செல்லும் நம்மவர், அங்குள்ளவை யாவும் தமக்குப் புதியவையாகவே இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. இலங்கை மலைநாட்டின் பழந்தலைநகராகிய கண்டியோ அவ்வெண்ணத்தை மாற்றிவிடும். சிங்களப் பண்பாட்டின் உறைவிடமான அந்நகரில் நம் நாட்டுத் தொடர்பு எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பதை ஒரு பகற்பொழுதிலேயே கண்டறியலாம்.

காலையில் முதற்கண் செல்லவேண்டிய இடம் தலதா மாளிகை. புத்தர்பிரானின் புனிதப் பல் அங்கே பேழையுள் வைத்துப் போற்றப்படுகிறது. நாள்தோறும் மூன்று வேளை முரசொலியுடன் பூசை நிகழும். அடியார்கள் காண்பது பேழையை மட்டுமே, பல்லை அன்று. அதனைக் காப்பவரே நாட்டை ஆளும் உரிமையுடையவர் என்பது பண்டைய மரபு. 1998-ஆம் ஆண்டு ஜனவரியில், உள்நாட்டுப் போரின்போது நிகழ்ந்த குண்டுத் தாக்குதலில் உயிர்கள் பல மாண்டன, முகப்பும் சிதைந்தது. பின்னர் அது செப்பனிடப்பெற்றது.

மாளிகைக்கு எதிரே பத்தினி தேவாலயம் இருக்கிறது. பத்தினி என்று சிங்களர் வணங்கும் அத்தெய்வம் நம் கண்ணகியே. ஆண்டுதோறும் நடைபெறும் எசலப் பெரஹரா ஊர்வலத்தில் நாதர், விஷ்ணு, கதிர்காமத் தெய்வம் ஆகியோரின் தேவாலயங்களோடு இத்தேவாலயமும் பங்குகொள்கிறது.

கண்டியின் இறுதி அரசர் நால்வரும் மதுரை நாயக்கர் வழிவந்தோர். 1739-இல் அரசர் வாரிசின்றி இறக்கவே, பட்டத்தரசியின் உடன்பிறந்தான் அரியணை ஏறினான். அடுத்து வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், அருகிப்போயிருந்த பௌத்தத் துறவறத்தை மீண்டும் நிலைநாட்ட 1753-இல் சயாம் நாட்டிலிருந்து பிக்குகளை வரவழைத்தான். பிறநாட்டு வழியினன் ஒருவன் தன் குடிகளின் சமயத்தை இவ்வாறு பேணியது எண்ணத்தக்கது.

மாளிகையை அடுத்துள்ள ஏரியை 1807-இல் அமைத்தவன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பாற்கடல் என்று பொருள்படும் பெயர் அதற்கு வழங்கியது. அதன் கரையிலுள்ள மேகச் சுவர் முற்றுப்பெறவில்லை. அதற்குள் ஆட்சியே முடிந்துவிட்டது. 1803-இல் படையெடுத்து வந்த ஆங்கிலேயரை முறியடித்த கண்டி, பிரதானிகள் மன்னனோடு பகைத்தபின் நிலைக்கவில்லை. அரண்மனையின் மரத்தூண் மண்டபத்தில் 1815 மார்ச் 2-ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாகி, நாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. மறு ஆண்டு வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுசெல்லப்பட்ட மன்னன், 1832-இல் அங்கேயே மறைந்தான். பாலாற்றங்கரையில் அவன் சமாதியை இன்றும் காணலாம்.

நண்பகலுக்குப் பின் கொழும்பு வீதி வழியே மேற்கே சென்று, பிலிமத்தலாவைக்கு அருகில் தெற்கே திரும்பினால் கடலாதெனிய விகாரை தோன்றும். 1344-இல் கட்டப்பெற்ற இக்கற்கோயிலின் தலைமைச் சிற்பி கணேசுவராசாரி தென்னிந்தியர். தூண்களையும் கோப்பையும் காணுங்கால் தமிழகக் கோயிலுள் புகுந்தது போலவே தோன்றும். அருகிலுள்ள இலங்காதிலக விகாரையின் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் உண்டு.

மாலையில் பேராதனைப் பூங்காவுக்குத் திரும்பலாம். மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோட, 147 ஏக்கரில் விரிந்துள்ள இத்தோட்டம் 1821-இல் நிறுவப்பட்டது. நிழல் தரும் நெடுமரங்களும் மலர்களும் கண்ணுக்கு விருந்து. ஆயினும் சுற்றிலுமுள்ள மலைகளையும் ஏறிட்டு நோக்குதல் வேண்டும். 1867-இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலைப் பயிர் அம்மலைகளெங்கும் பரவியது. முன்னர் காப்பித் தோட்டங்களுக்காகவும் பின்னர்த் தேயிலைக்காகவும் காடுமேடு கடந்து வந்தவர்கள் நம் தென்மாவட்ட ஏழை மக்கள். அவர்தம் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோர் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தனர். 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி பலர் இந்தியா வந்தனர். எஞ்சியோரின் நிலையைத் தீர்த்துவைக்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது.

மன்னனின் ஏரியை எல்லோரும் கண்டு வியக்கிறார்கள். அவன் சமாதி நம் நாட்டில் இருப்பதையும், அம்மலைகளைப் பசுமையாக்கிய கைகள் நம்மவருடையவை என்பதையும் அறிந்து காண்பவருக்குக் கண்டி வேற்றூராகத் தோன்றாது. அங்கே செல்லும் அன்பர்கள் விழிகளோடு வரலாற்றையும் உடன்கொண்டு செல்வார்களாக.