அடுக்குமாடியின் கட்டணமும் தரை வீட்டின் செலவும்

ஜொகூர் பாருவில் வீடு வாங்க நினைக்கும் நடுத்தரக் குடும்பங்களில், விலையும் வங்கிக் கடனும் பேசி முடிந்த பிறகு, கடைசியாக எழுந்து பேச்சையே திசை திருப்பிவிடும் விஷயம் ஒன்று உண்டு. அது கொண்டோமினியத்துக்குப் பிரதி மாதமும் கட்டவேண்டிய பராமரிப்புக் கட்டணம். கடன் தீர்ந்த பிறகும் தீராத இந்தத் தொகை, சொந்த வீட்டுக்கே வாடகை கொடுப்பதாகாதா என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். தோட்டத்து லயங்களில் பிறந்து, கூரை ஒழுகினால் கிராணியிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்த ஒரு தலைமுறைக்கு, தாமானில் ஒரு தரை வீடு என்பது வெறும் சொத்து அன்று, சுதந்திரம். ஆகையால் அந்தக் கேள்வியை நான் அலட்சியமாகக் கருதவில்லை. ஆனால் அதில் ஒரு கணக்கு விடுபட்டுப் போகிறது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஆயிரம் சதுர அடி கொண்ட ஒரு வீட்டுக்குச் சதுர அடிக்கு 30 காசு வீதம் மாதம் 300 வெள்ளி கட்டணம் என்றால், சட்டப்படி அதில் பத்தில் ஒரு பங்கான 30 வெள்ளி சேமநிதிக்கும் சேர்ந்து, மாதம் 330 வெள்ளியாகிறது, ஆண்டுக்கு 3,960, கட்டணம் ஏறாமலே இருந்தாலும் இருபது ஆண்டுகளில் 79,200 வெள்ளி. பெருந்தொகைதான். காவலர் சம்பளம், லிப்ட், பொது விளக்குகள், நீச்சல் குளம், கட்டடத்தின் தீக் காப்புறுதி ஆகிய யாவும் இதிலிருந்தே நடக்கின்றன. வெளிச் சுவருக்கு மறுபடி வர்ணம் பூசவும், தேய்ந்த லிப்டை மாற்றவும் சேமநிதி இருக்கிறது. நீச்சல் குளத்தில் ஒருநாளும் இறங்காதவரும் அதன் செலவில் தம் பங்கைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது உண்மை. அதைக் குறையாகச் சொல்வோர்மீது தவறில்லை.

தரை வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு ரசீது வருவதில்லை. வருவதில்லை என்பதாலேயே செலவும் இல்லை என்று தோன்றிவிடுகிறது. கரையான் அரித்த கூரைச் சட்டங்களும், வெயிலிலும் மழையிலும் வெளிறும் சுவர்களும், துருப்பிடித்த கிரில்லும், கசியும் தண்ணீர்த் தொட்டியும் மாதக் கணக்கில் வருவன அல்ல. பல வருஷம் மௌனமாயிருந்துவிட்டு ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கில் கேட்பவை. சாதாரணத் தீக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்காது. 2023 மார்ச்சில் ஜொகூரின் பல மாவட்டங்களை வெள்ளம் சூழ்ந்ததைக் கண்டவர்கள் அதற்குத் தனியே பிரீமியம் கட்ட யோசிக்கமாட்டார்கள். இவற்றோடு, காவல் ஏற்பாடுள்ள தாமான்களில் குடியிருப்போர் சங்கம் வசூலிக்கும் தொகையும் சேரும். இவ்வளவும் கூட்டினாலும் எளிமையாக வாழும் குடும்பத்துக்குத் தரை வீடே மலிவாக முடியக்கூடும் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டும். பிள்ளையின் கல்லூரிச் செலவு வந்த வருஷத்தில், வர்ணம் பூசுவதைத் தரை வீட்டுக்காரர் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப் போடலாம். கொண்டோமினியக்காரருக்கு அந்த அதிகாரம் இல்லை. தரை வீட்டின் உண்மையான லாபம் இந்தத் தள்ளிப்போடும் உரிமைதான். அதுவே அளவு மீறும்போது வீட்டை நாசமாக்குவதும் ஆகும்.

வரிகளைப் பொறுத்தவரை பெரிய பேதமில்லை. தரை வீட்டுக்கு நில வரி, அடுக்குமாடிக்கு அதற்கு ஈடான மனை வரி. இரண்டுக்கும் நகராண்மைக்கு ஆண்டில் இருமுறை மதிப்பீட்டு வரி. வாடகை மதிப்பைக் கொண்டு கணிக்கும் மற்ற தீபகற்ப மாநிலங்களுக்கு மாறாக, ஜொகூரில் சொத்தின் மதிப்பைக் கொண்டே இது கணிக்கப்படுகிறது. வர்த்தக நிலத்தில் எழுந்த சர்வீஸ் அபார்ட்மெண்டாயின் வரியும் தண்ணீர், மின்சாரக் கட்டண விகிதமும் வேறுபடலாம். முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம்.

நான் அதிகம் கவலைப்படுவது கட்டணத்தின் அளவைப் பற்றியன்று, அதைக் கட்டாதவர்களைப் பற்றி. 2006-இல் இஸ்கண்டார் மலேசியா திட்டம் தொடங்கிய பிறகு, டாங்கா பே முதல் கடலைத் தூர்த்து எழுந்த பாரஸ்ட் சிட்டி வரை மாடிகள் உயர்ந்தன. வாங்கியவர்களில் பலர் அந்நிய தேசத்தவர், பலர் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் ஜீவனம் செய்பவர்கள். விற்காமல் நின்ற சர்வீஸ் அபார்ட்மெண்டுகளிலும் இம்மாநிலம் பல ஆண்டுகள் முன்வரிசையில் இருந்தது. விற்காத வீடுகளுக்கு மேம்பாட்டாளரே கட்டணம் செலுத்தவேண்டும் என்பது விதி. ஆயினும் உரிமையாளர் எங்கோ இருக்க, வீடு பூட்டிக் கிடக்க, பாக்கி ஏறிக்கொண்டே போகும் கட்டடத்தில், ஒழுங்காகக் கட்டுகிறவரும் நின்றுபோன லிப்டின் முன்னேதான் நிற்கவேண்டியிருக்கிறது.

2015 ஜூன் முதல் தேதி அமலுக்கு வந்த 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம் இதற்குப் பரிகாரங்களை வைத்திருக்கிறது. அறிவிப்புக் கிடைத்த 14 நாளுக்குள் கட்டவேண்டும். தவறினால் ஆண்டுக்குப் பத்து சதவிகிதம் வரை வட்டி. பாக்கிதாரருக்குப் பொதுக்கூட்டத்தில் வாக்கு இல்லை. வழக்காயின் 5,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. 250,000 வெள்ளி வரையிலான பிணக்குகளை ஸ்ட்ராத்தா தீர்ப்பாயம் விசாரிக்கிறது. மேல்வீட்டிலிருந்து நீர் கசிந்தால், வேறுவிதமாக நிரூபணமாகும் வரை குறை மேல்வீட்டிலேயே இருப்பதாகக் கொள்ளப்படும் என்பதும் இச்சட்டத்தின் விதிதான்.

எனவே, வீடு வாங்க வருவோர் மாதக் கட்டணம் எவ்வளவு என்பதோடு நில்லாமல், பராமரிப்புக் கணக்கும் சேமநிதிக் கணக்கும் சட்டம் சொல்வதுபோல் தனித்தனியே இருக்கின்றனவா, சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது, பாக்கி எவ்வளவு, கடைசியாகத் தணிக்கை எப்போது நடந்தது என்று நிர்வாக அலுவலகத்தில் கேட்கவேண்டும். அந்தக் கணக்கைக் காட்டத் தயங்குகிற கட்டடத்தில், சதுர அடிக்குப் பதினைந்து காசுதான் கட்டணம் என்று விளம்பரம் செய்தாலும், நான் வீடு வாங்கமாட்டேன். அப்படி ஒரு கட்டடத்துக்கும் பழுதுபார்க்கவேண்டிய தரை வீட்டுக்கும் நடுவே தெரிவு செய்யச் சொன்னால் தரை வீட்டையே எடுத்துக்கொண்டு, மாதம் 330 வெள்ளியைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு வைப்பேன்.