டென்னிஸ் ஆடுகளத்திற்கு எல்.இ.டி. விளக்கு: மலையடிவார ஊர்களில் கவனிக்க வேண்டியவை

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு வழியாகப் பொன்முடிக்குச் செல்லும் சாலையில், மலையடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் வித்துரா. இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிலையங்களுள் ஒன்று இவ்வூரை அடுத்தே நிறுவப்பட்டுள்ளது. ரப்பர்த் தோட்டங்களும், அவற்றைத் தாண்டிப் பேப்பாறை வனவிலங்குச் சரணாலயத்தின் காடுகளும் அருகே பரந்து கிடக்கின்றன. இத்தகைய ஓர் ஊரில் பள்ளியோ, கல்லூரியோ, பஞ்சாயத்தோ டென்னிஸ் ஆடுகளம் அமைக்க முற்படுமாயின், விளக்கு ஓர் ஆடம்பரப் பொருள் ஆகாது. லண்டன் நகரில் ஜூன் மாதத்தில் இரவு 9 மணிக்கும் சூரிய ஒளி உண்டு. திருவனந்தபுரம் வட்டாரத்திலோ ஆண்டு முழுவதும் மாலை 6 மணிக்கும் 6-50க்கும் இடையே சூரியன் மறைந்துவிடுகிறது. அந்தி ஒளியும் நீடிப்பதில்லை. வகுப்பு முடிந்து வரும் மாணவனுக்கு விளக்கு இல்லையேல் ஆட்டமும் இல்லை.

அகில இந்திய அளவில் 2015-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற உஜாலா திட்டத்தின் பயனாக எல்.இ.டி. குமிழ்கள் சிற்றூர் வீடுகளையும் எட்டிவிட்டன. வீட்டுக் குமிழை வாங்குவோர் வாட் அளவை மட்டும் நோக்குவது வழக்கம். ஆடுகள விளக்கையும் அவ்வாறே வாங்குவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு மூலம். வாட் என்பது விளக்கு உட்கொள்ளும் மின்சக்தியின் அளவேயன்றி, அது தரும் ஒளியின் அளவு அன்று. ஒளியின் அளவு லூமென். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமென் ஒளி விழுமாயின் அது ஒரு லக்ஸ் எனப்படும்.

ஐரோப்பியத் தரவிதியின்படி பயிற்சிக்கும் பொழுதுபோக்குக்கும் 200 லக்ஸ், சங்கப் போட்டிகளுக்கு 300 லக்ஸ், உயர்நிலைப் போட்டிகளுக்கு 500 லக்ஸ் வேண்டும். இருவர் ஆட்டத்திற்குரிய களம் 23.77 மீட்டர் நீளமும் 10.97 மீட்டர் அகலமும் கொண்டது. ஓடுவதற்கான சுற்றிடத்தையும் சேர்த்தால் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 670 சதுர மீட்டர். இதில் 300 லக்ஸ் பெறுவதற்கு 2,01,000 லூமென் தரையில் விழ வேண்டும். விளக்கு உமிழும் ஒளியில் பத்தில் ஆறு பங்கே தரையை அடைகிறது எனவும், தூசியாலும் முதுமையாலும் அதில் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது எனவும் கொண்டால், விளக்குகள் தர வேண்டியது சுமார் 4,20,000 லூமென். வாட் ஒன்றுக்கு 130 லூமென் தரும் விளக்குகளாயின் சற்றேறக்குறைய 3.2 கிலோவாட் போதும். மூன்று மணி நேர ஆட்டத்திற்குப் பத்து யூனிட்டுக்குள் அடங்கும். உயர் வகுப்பு மாணவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

ஆயினும், சராசரி 300 லக்ஸ் இருந்தும் ஆட முடியாத களங்கள் உண்டு. வலையருகே 500, மூலையில் 80 என ஒளி சிதறிக் கிடந்தால், பந்து நிழலுக்குள் புகும்போது கண் அதைத் தவறவிடுகிறது. மிகக் குறைந்த அளவைச் சராசரியால் வகுத்து வரும் எண் பயிற்சிக் களத்தில் 0.6-க்கும், போட்டிக் களத்தில் 0.7-க்கும் குறையலாகாது.

அடுத்தது கண்கூச்சம். சர்வீஸ் அடிப்பவர் தலையை அண்ணாந்து பந்தை நோக்குகிறார். எனவே கம்பங்கள் களத்தின் பின்புறம் இராமல் நெடும்பக்கங்களிலேயே, எட்டு மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருத்தல் வேண்டும். மலிவான விளக்குகளில் ஒளிக்கற்றை கண்ணாடிக்கு நேராகப் புறப்படுகிறது. களத்தின் நடுவை எட்டச்செய்ய விளக்கை மேல்நோக்கிச் சாய்க்க வேண்டியதாகிறது. சாய்த்தவுடன் ஒளியின் ஒரு பங்கு எதிர்ப்பக்கத்து ஆட்டக்காரர் கண்ணிலும், மறு பங்கு வேலியைத் தாண்டிக் காட்டிலும் விழுகிறது. ஒரு பக்கமாக ஒளியை வீசும் வில்லை அமைந்த விளக்குகளைத் தரைக்கு இணையாகப் பொருத்தலாம். ஒளி களத்திலேயே நிற்கும். விலை கூடுதல்தான். ஆனால் வித்துரா போன்ற இடத்தில் விட்டுக்கொடுக்கத் தகாத அம்சம் இது ஒன்றே எனலாம்.

காட்டின் பொருட்டு மற்றொன்றும் கருதத்தக்கது. கண்ணுக்குப் புலனாகும் ஒளி தரும் டயோடு 1962-இல் தோன்றியபோது சிவப்பு ஒளியையே தந்தது. நீல டயோடு உருவான பின்னரே வெள்ளை ஒளி கைகூடிற்று. அதற்காக ஜப்பானில் பிறந்த விஞ்ஞானிகள் மூவருக்கு 2014-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. இன்றைய வெள்ளை விளக்குகளுள் மிகப் பெரும்பாலானவை, மஞ்சள் ஒளி தரும் பாஸ்பர் பூசப்பட்ட நீல டயோடுகளே. அந்த நீலக் கூறுதான் பூச்சிகளை மிகுதியும் ஈர்க்கிறது. முதல் மழைக்குப் பின் ஈசல் மொய்த்த விளக்கின் கீழ் ஆட முயன்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 6500 கெல்வின் விளக்கைத் தவிர்த்து 4000 கெல்வின் விளக்கைத் தேர்ந்தால் நீலம் குறையும். மஞ்சள் பந்து தெரிவதில் குறை நேராது. ஆட்டம் முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுவது இவை எல்லாவற்றையும்விட மலிவான பரிகாரம்.

விளக்கின் ஆயுள் 50,000 மணி என அட்டையில் அச்சிட்டிருப்பர். தினம் மூன்று மணி எரித்தால் அது 45 ஆண்டுகள்! டயோடு அவ்வளவு காலம் நிலைக்கலாம். மழையும் இடியும் மற்றவற்றை நிலைக்க விடுவதில்லை. எரியும் விளக்கின் உட்காற்று 60 டிகிரி சென்டிகிரேடு சூட்டை அடைந்திருக்கையில் திடீரென மழை கொட்டி அதை 25 டிகிரிக்குக் குளிர்விப்பதாகக் கொள்வோம். வாயு விதியின்படி உள்ளழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். இது ஒரு மீட்டர் ஆழத்து நீர் தரும் அழுத்தத்திற்குச் சமம். அத்துணை விசையோடு ரப்பர் விளிம்பின் வழியே ஈரம் உள்ளே உறிஞ்சப்படுகிறது. ஆகவே ஐ.பி. 66 என்னும் காப்புத் தரத்துடன், காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சுவாசத் துளையும் உள்ளதா எனக் கேட்டறிதல் நன்று.

ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பரிலும் கேரளத்தில் இடி மின்னல் மிகுதி. தொலைவில் விழும் மின்னலும் கம்பிவழியே மின்னழுத்தத்தை ஒரு கணம் பன்மடங்கு உயர்த்தி, விளக்கின் டிரைவர் என்னும் மின்னணு உறுப்பை எரித்துவிடும். 10 கிலோவோல்ட் தாங்கும் சர்ஜ் தடுப்பானும், ஒவ்வொரு கம்பத்திற்கும் சரியான எர்த் இணைப்பும் இன்றியமையாதவை. இவை விளக்கைக் காக்குமேயன்றி ஆளைக் காக்கா. இடியோசை கேட்டவுடன் மாணவர்களைக் களத்திலிருந்து கட்டடத்திற்குள் அழைத்துச் செல்வது ஆசிரியரின் பொறுப்பு.

டிரைவரின் தரத்தை வேறொரு வகையிலும் சோதிக்கலாம். மலிவான டிரைவர் 50 சுழற்சி மின்சாரத்தில் வினாடிக்கு நூறு முறை ஒளியை ஏற்றி இறக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பந்து வினாடியின் நூறில் ஒரு பங்கில் 28 சென்டிமீட்டர் கடந்துவிடும். தொடர்ந்து பறக்க வேண்டிய பந்து விட்டுவிட்டுத் தெரியும். விளக்கின் கீழ் ஒரு பென்சிலை வேகமாக ஆட்டினால், நல்ல விளக்கில் மங்கலான ஒரே விசிறியாகவும், மட்டமானதில் தனித்தனிப் பென்சில்களாகவும் காணப்படும்.

விலைப்புள்ளி கேட்கும்போதே, களத்தின் அளவுக்கேற்ப லக்ஸ் கணக்கிட்ட வரைபடத்தையும் கேட்டு வாங்குதல் வேண்டும். விளக்குப் பொருத்திய முதல் வாரத்தில் இருட்டிய பின் லக்ஸ் மீட்டர் கொண்டு களத்தில் பதினைந்து இடங்களில் அளந்து, அவ்விடங்களைத் தரையில் சிறு பெயின்ட் புள்ளியால் குறித்து, எண்களைப் பதிவேட்டில் எழுதி வைக்கலாம். ஆண்டுதோறும் பருவமழை ஓய்ந்தபின் அதே புள்ளிகளில் மீண்டும் அளக்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் விளக்கை மாற்ற நினைக்குமுன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை அளந்து பார்க்க வேண்டும்.