கம்பெனி கடல் தாண்டுது, சங்கம்?



மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கமிருந்து பஸ்ஸில் அடையாறு வருகிறவர்கள் ஆற்றைக் கடக்கிற பாலத்துக்குத் திரு.வி.க. பாலம் என்று பெயர். பாலம் இறங்கினதும் இடது பக்கம் மரங்களாக அடர்ந்து தெரிவது பிரம்மஞான சபை. இந்த ரெண்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அது நம்மைப் போல டிப்ளமா படித்துவிட்டு கம்பெனிக்குப் போகப்போகிறவர்களுக்கும் சம்பந்தப்பட்டதுதான்.

1918 ஏப்ரல் 27-ந் தேதி பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பமானது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் பிரம்மஞான சபையைச் சேர்ந்த பி.பி.வாடியாவைத் தேடிப் போய்த் தொழிலாளர் படும் பாட்டைச் சொல்ல, அவர் சங்கத்துக்குத் தலைவரானார். திரு.வி.க. துணைத் தலைவர். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம்தான் என்பது அன்றைக்கு இருந்த பெரிய மனக்குறைகளில் ஒன்று.

மில் பின்னி கம்பெனியுடையது, வெள்ளைக்காரர்களின் கம்பெனி. எனவே பெரம்பூரில் மட்டும் கத்தினால் போதாது என்று வாடியாவுக்குத் தெரிந்திருக்கிறது. 1919-ல் இங்கிலாந்து போய் அங்கிருந்த தொழிற்சங்கத்தாரிடம் பேசினார். அதே வருஷம் வாஷிங்டனில் நடந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) முதல் மாநாட்டில், இந்தியத் தொழிலாளர் பிரதிநிதி என்.எம்.ஜோஷிக்கு ஆலோசகராக இருந்தார். உலகமயமாதல் என்ற வார்த்தையே இல்லாத காலம் அது!

1920-ல் மில்லில் கதவடைப்பு. வேலை ஒப்பந்தத்தை மீறச் சொல்லித் தொழிலாளரைத் தூண்டினார் என்று கம்பெனி வாடியா மீது ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டுத் தடையுத்தரவும் வாங்கிவிட்டது. இந்த விவகாரம் லண்டன் வரை போய், இந்தியா மந்திரியிடமும் முறையிடப்பட்டது. இருந்தும் வாடியா சங்கத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று. ஆனால் சங்கம் வைப்பதே குற்றம் என்ற நிலை மாற வேண்டும் என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பி, 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. கடல் தாண்டிப் பேசியது ஆளைக் காப்பாற்றவில்லை, சட்டத்துக்கு வழி செய்தது.

பின்னி காலத்தில் மில்லைப் பெயர்த்து இன்னொரு நாட்டுக்குத் தூக்கிப் போவது லேசான காரியமில்லை. இப்போது அது சில மாத வேலை. நோக்கியாவைப் பாருங்கள். 2008 ஜனவரியில் ஜெர்மனியின் போகும் நகரத் தொழிற்சாலையை மூடுவதாக அறிவித்தது. சுமார் 2,300 பேருக்கு வேலை போனது. அந்த வேலை ருமேனியாவின் க்ளூஜ் நகரத்துக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்த ஆலைக்குப் போனது. மூன்றே வருஷம்! 2011-ல் அதையும் மூடினார்கள். 2012-ல் பின்லாந்து, ஹங்கேரி, மெக்சிகோ ஆலைகளில் வேலையைக் குறைத்து, போன் பூட்டும் வேலையை ஆசியாவுக்கு மாற்றுவதாகச் சொன்னார்கள்.

ஆசியா என்றால் நாமும்தானே? ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-ல் வந்தது. நல்ல நாளில் அங்கே நேரடியாக மட்டும் எட்டாயிரம் பேர் வரை வேலை பார்த்தார்கள். ஐரோப்பாவில் மூடின செய்தியைப் படித்தபோது அவர்களில் சிலர் 'நல்லவேளை, நம்ம பக்கம் வருது' என்று நினைத்திருக்கலாம். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். 2014-ல் நோக்கியாவின் போன் வியாபாரத்தை மைக்ரோசாப்ட் வாங்கியது. வரி வழக்கில் சிக்கிய ஸ்ரீபெரும்புதூர் ஆலையை விட்டுவிட்டது. நவம்பர் 1-ந் தேதி அதுவும் மூடப்பட்டது. கூலி மலிவைத் தேடிப் போனார்கள் என்று மட்டும் சொன்னால் பாதி உண்மைதான். புது ரக டச் போன்களிடம் நோக்கியா தோற்றதும் காரணம், வரித் தகராறும் காரணம். ஆனால் மூடுகிற ஒவ்வொரு ஊரிலும் அந்தந்த ஊர்த் தொழிலாளி தன் கேட்டுக்கு முன்னால்தான் நின்று கோஷம் போட்டான். முடிவு எடுக்கிற இடமோ பின்லாந்தில் இருந்தது.

2024-ல் நடந்தது கொஞ்சம் வேறு மாதிரி. ஜூலையில் தென்கொரியாவில் சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் ஊழியர்கள் சம்பளம், போனஸ் கேட்டு ஸ்டிரைக் செய்தார்கள். கம்பெனி சரித்திரத்தில் அந்த வருஷம்தான் முதல்முறை. இரண்டு மாதம் கழித்து, செப்டம்பர் 9-ந் தேதி நம்ம சுங்குவார்சத்திரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையை நிறுத்தினார்கள். 37 நாள். டி.வி., பிரிட்ஜ், வாஷிங் மெஷின் செய்கிறவர்கள். சம்பளத்தைவிட, சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிக்க வேண்டும் என்பதுதான் முக்கியக் கோரிக்கை. சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' வருவதைக் கம்பெனி ஆட்சேபித்தது. ஹைகோர்ட் வரை போய், 2025 ஜனவரியில்தான் பதிவு கிடைத்தது.

இங்கேதான் நாடு தாண்டின பேச்சின் பலன் புரியும். சங்கமே கூடாது என்ற பழைய கொள்கையை விடுவதாக 2020-ல் சாம்சங் துணைத் தலைவர் லீ ஜே-யோங் கொரியாவில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுச் சொன்னார். 'அங்கே சொன்னது இங்கே செல்லாதா?' என்று சுங்குவார்சத்திரத்துக்காரர் கேட்கலாம் அல்லவா? அங்கத்து ஷிப்டு நேரம், லைன் வேகம், போனஸ் கணக்கு எல்லாம் தெரிந்தால் மேஜையில் உட்காரும்போது ஒரு தைரியம் வரும்.

சட்டத்திலும் வித்தியாசம் உண்டு. சங்கம் சேரும் உரிமை, கூட்டாகப் பேரம் பேசும் உரிமை பற்றிய ஐ.எல்.ஓ.வின் 87, 98-ஆம் ஒப்பந்தங்களைத் தென்கொரியா 2021-ல் ஏற்றுக்கொண்டது. 1919-லிருந்தே ஐ.எல்.ஓ.வில் உறுப்பினரான இந்தியா ரெண்டையும் ஏற்கவில்லை. அரசு ஊழியர்களுக்கு உள்ள கட்டுப்பாடுகளை அரசு காரணமாகச் சொல்கிறது.

பல நாட்டுச் சங்கங்களைச் சேர்த்துவைக்க, ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்ட இண்டஸ்ட்ரிஆல் என்ற அமைப்பு 2012-லிருந்து இருக்கிறது. ஒரு கம்பெனியோடு உலகம் முழுக்க ஒரே உடன்பாடு போடுவது அதன் வேலைகளில் ஒன்று. ரெனோ 2013-ல் கையெழுத்துப் போட்டது. ஆனால் இதெல்லாம் கம்பெனி தன் பெயருக்குப் பயந்து காப்பாற்றுகிற வாக்குறுதி. சட்டம் மாதிரி பிடித்து நிறுத்தாது.

இவ்வளவு பேச்சிலும் விட்டுப்போன ஒரு ஆள் உண்டு. அது நாம்தான். 1961-ஆம் வருஷ அப்ரண்டீஸ் சட்டப்படி அப்ரண்டீஸ் என்பவர் பயிற்சி பெறுகிறவர், தொழிலாளி அல்ல. பாதுகாப்பு, விபத்து நஷ்டஈடு நமக்கும் உண்டு. மற்றத் தொழிலாளர் சட்டங்கள் பொதுவாகப் பொருந்தாது. ஆகவே கேம்பஸ் இண்டர்வியூவில் ஆர்டர் கைக்கு வந்ததும் ஸ்டைபண்டு எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். அப்ரண்டீஸா, கம்பெனி டிரெய்னியா, காண்ட்ராக்டா, எத்தனை மாசம், முடிந்த பிறகு என்ன? அந்த வரியைத் தேடிப் படியுங்கள். இல்லையென்றால் கையெழுத்துப் போடும் முன்னால் கேளுங்கள்.