துப்பிய விதையில் மருந்து உண்டா?

முந்திரிகைப் பழத்தை உண்போர் சதையைச் சுவைத்து விதையைத் துப்பிவிடுவர். தவறிக் கடித்துவிட்டாலோ நாவை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு! பாக்கிலும் பாலிடாத தேநீரிலும் நாம் விரும்பி ஏற்கும் துவர்ப்புக்கு இது நெருங்கிய உறவு. இத்துவர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்துக் குளிகையாக்கி, ‘முந்திரிகை விதைச் சத்து’ என்ற பெயரில் இன்று உலகெங்கும் விற்கின்றனர். இரத்த அழுத்தம், கால் வீக்கம், முதுமை ஆகிய யாவற்றுக்கும் இதுவே கைகண்ட மருந்து என விளம்பரங்கள் முழங்குகின்றன. கடல் கடந்து வாழும் பிள்ளைகள் பெற்றோருக்கு அனுப்பும் பொதிகளிலும் இத்தகைய குப்பிகள் இடம்பெறுவதுண்டு. ஆகவே ஆராய்ச்சியாளர் உண்மையில் கண்டது எவ்வளவு என்பதை வீட்டார் அறிந்திருத்தல் நன்று.

இக்கதை முந்திரிகையில் தொடங்கவில்லை, கச்சானில் தொடங்கிற்று. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த காலத்தில், பிரான்சு தேசத்துப் போர்தோ சர்வகலாசாலையில் ஜாக் மஸ்கெலியே என்னும் இளைஞர் கச்சான் பருப்பைப் போர்த்திருக்கும் செந்நிற மென்றோலை ஆராய்ந்தார். அதிலிருந்து நிறமற்ற ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். 1948இல் அந்த ஆராய்ச்சிக்கே கலாநிதிப் பட்டமும் பெற்றார். மயிர்த்துளைக் குழாய்கள் எனப்படும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரை அப்பொருள் உறுதிப்படுத்துவதை விலங்குகளிற் கண்டார். பின்னர் பைன் மரப்பட்டையிலும், 1970ஆம் ஆண்டளவில் முந்திரிகை விதையிலும் அதே இனப் பொருளை அவர் பெற்றார். போர்தோவோ மதுவுக்குப் பேர்போன நாடு. சாறு பிழிந்தபின் சக்கையும் விதையும் மலைபோற் குவியுமிடத்தில் மூலப்பொருளுக்குப் பஞ்சமேது?

நிறமற்ற இப்பொருளை அமிலத்துடன் சேர்த்துக் காய்ச்சினால் செந்நிறம் தோன்றும். பூவுக்கும் பழத்துக்கும் செம்மையும் நீலமும் தருகின்ற அந்தோசயனின் நிறங்களின் அடிப்படை அந்தோசயனிடின். காய்ச்சும்போது அந்த அந்தோசயனிடின் பிறப்பதனாலேயே இதற்குப் ‘புரோஅந்தோசயனிடின்’ என்று பெயர் வந்தது. கற்றெச்சின் முதலிய சிறு மூலக்கூறுகள் சங்கிலிக் கண்ணிகள்போற் பிணைந்து ஆனதே இது.

மனிதரில் இதன் பயன் யாது? 2011இல் 9 பரிசோதனைகளை, மொத்தம் 390 பேரை, ஒருங்கே வைத்துக் கணித்தபோது மேல் இரத்த அழுத்தம் சராசரியாக 1.5 மில்லிமீற்றரே குறைந்திருந்தது. இரத்தக் கொழுப்பில் மாற்றமில்லை. 2016இல் 16 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 6 மில்லிமீற்றர் குறைவு கண்டனர். பயன் சிறிது உண்டு எனலாம். வைத்தியர் தரும் மருந்தை நிறுத்திவிட்டு இதனை நம்புவதற்கு அது போதாது.

இவற்றினும் கவனிக்கத்தக்கது அவுஸ்திரேலியாவின் பேர்த் நகர விஞ்ஞானிகள் 2005இல் வெளியிட்ட முடிவு. இரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றுவந்த 69 பேரைப் பிரித்து, சிலருக்கு விற்றமின் சி, சிலருக்கு முந்திரிகை விதைச் சத்து, சிலருக்கு இரண்டும், எஞ்சியோருக்கு வெறுங்குளிகை என ஆறு வாரம் கொடுத்தனர். தனித்தனியே உண்டவர்களுக்கு அழுத்தம் ஏறவில்லை. இரண்டையும் சேர்த்து உண்டவர்களுக்கோ ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் ஏறிவிட்டது! நல்லதோடு நல்லது சேர்ந்தால் இருமடங்கு நன்மை என்று எண்ணி, கைநிறையக் குளிகைகளை விழுங்கும் வழக்கம் நம்மிற் பலருக்கு உண்டன்றோ?

புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெற்றபின் மார்பகம் இறுகிப்போன 66 பெண்களுக்கு இங்கிலாந்தில் ஆறு மாதம் இச்சத்தைக் கொடுத்துப் பார்த்தனர். பயன் கிட்டவில்லை என 2006இல் அறிவித்தனர். மாறாக, இச்சத்திலுள்ள ஒரு கூறு முதிர்ந்த சுண்டெலிகளின் ஆயுளை நூற்றுக்கு 9 பங்களவு நீட்டியதாக 2021இல் செய்தி வந்தது. ஆயினும் சுண்டெலி சுண்டெலிதான். அதன் ஆயுளைக் கொண்டு நம் ஆயுளைக் கணிக்கலாகாது.

குருதி உறைவதைத் தடுக்கும் வார்பரின் போன்ற மருந்தை உண்போர் வைத்தியரைக் கேளாது இச்சத்தை எடுத்தல் தகாது.

இனி வணிகத்தின் சங்கதி. விற்பனையிலிருந்த 21 முந்திரிகை விதைச் சத்துக்களை அமெரிக்க ஆராய்ச்சியாளர் சோதித்து 2015இல் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் 9 பெரும்பாலும் கச்சான் தோலின் சத்தாகவே இருந்தன! மஸ்கெலியே புறப்பட்ட இடத்துக்கே வியாபாரிகள் திரும்பிவிட்டனர் போலும். முந்திரிகை விதையில் மூலக்கூறுகள் ஒற்றைப் பிணைப்பால் இணைந்திருக்கும். கச்சான் தோலிலோ மேலும் ஒரு பிணைப்புக் கொண்டவை உண்டு. இவ்வேற்றுமையே களவைக் காட்டிக்கொடுத்தது. மலிவான பொருளை விலையுயர்ந்த பெயரில் விற்பது ஒருபுறமிருக்க, கச்சான் ஒவ்வாதவர்கள் சிறிதளவு கச்சானாலும் மூச்சுத் திணறி உயிராபத்துக்கு உள்ளாகலாம். குப்பியின் மேலொட்டிய தாளிலோ முந்திரிகைக் குலையின் படம் மட்டுமே இருக்கும்.