காஞ்சி வெயிலில் ஒரு புல்தரை

புல்வெட்டி யந்திரம் பிறந்தது தோட்டத்தில் அல்ல, துணி ஆலையில். இங்கிலாந்தில் ஸ்ட்ரவுட் என்ற ஊரைச் சுற்றிக் கம்பளி நெய்யும் ஆலைகள் நிறைய இருந்தன. நெய்து முடித்த கம்பளியின் மேல் சிலும்பி நிற்கும் இழைகளை ஒரே மட்டமாகக் கத்தரிக்க, திருகலான அலகுகள் பூட்டிய உருளை ஒன்று அங்கே சுழன்றுகொண்டிருந்தது. எட்வின் பட்டிங் என்ற மெக்கானிக் அந்த உருளையைச் சக்கரத்தில் ஏற்றிப் புல்மேல் ஓட்டினார். 1830-இல் காப்புரிமையும் பெற்றார். கிராமத்துக் கனவான்களுக்கு நல்ல உடற்பயிற்சியாகவும் இருக்கும் என்று காப்புரிமைப் பத்திரத்திலேயே ஒரு சிபாரிசு வேறு. அதுவரை பனி ஈரம் காய்வதற்குள் நீண்ட பிடி வைத்த அரிவாளை வீசி ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் வழியில் உள்ள ஐயம்பேட்டை நெசவூர். அங்கே இந்த யந்திரத்தை விளக்குவது சுலபம். புல்தரையை விளக்குவதுதான் கஷ்டம். நம் வாசல் என்பது பெருக்கி, சாணம் தெளித்து, கோலம் போட்ட வெறும் மண். அதில் புல் முளைத்தால் வீட்டில் ஆள் இல்லை என்று பொருள். தெரு, பாவு நீட்டுவதற்கு வேண்டும். கோயிலில் நந்தவனம் உண்டு. வெட்டிச் சமன்செய்த புல்வெளி கிடையாது. கைலாசநாதர் கோயில் முன் இன்று காணும் புல்தரை தொல்லியல் துறை பராமரிப்பது, பல்லவர் வைத்தது அல்ல. ஆனால் புதிதாக மனை வாங்கிக் கட்டுகிறவர்களுக்கு இப்போது அந்த ஆசை வந்துவிட்டது. வரட்டும். எந்தப் புல், எந்த மாதம் என்பதை மட்டும் இங்கிலாந்துப் படத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

லண்டனில் ஆண்டுக்கு ஏறக்குறைய 600 மி.மீ. மழை. காஞ்சிபுரத்தில் அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனாலும் புல்லுக்கு இது வறண்ட ஊர்தான். அங்கே பன்னிரண்டு மாதமும் சிறுகச் சிறுகப் பெய்கிறது. இங்கே ஆடியில் தொடங்கும் மாலை இடிமழையும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் போய்விட்டால், தையிலிருந்து வைகாசி வரை வானம் கைவிரித்துவிடும். புல்லின் பருவம் ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு.

இதற்கென்றே அமைந்த புல் நம் வரப்பில் இருக்கிறது: பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அருகு. தரைமேல் ஓடும் தண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டு என்று இரண்டு வழியிலும் அது பரவும்; கணுவுக்குக் கணு வேர்விடும். அதன் இலைக்குள் இன்னொரு சாமர்த்தியம். நெல் போன்ற பயிர்கள் வெயில் ஏறும்போது கரியமில வாயுவைப் பிடிப்பதில் தடுமாறி, அதற்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துச் சக்தியை வீணாக்கும். அருகு, கரும்பையும் கம்பையும் போல, கரியமில வாயுவை முதலில் தனியாகப் பிடித்து உள்ளறைச் செல்களுக்குச் செறிவாக அனுப்பிவைக்கிறது. அதனால் இலைத்துளைகளை அகலத் திறக்க வேண்டியதில்லை. நீரும் அவ்வளவாக வெளியேறாது. இந்த ஏற்பாட்டுக்குக் கூடுதல் சக்தி செலவாகும், அதற்கு நிறைய வெளிச்சம் வேண்டும். வேப்பமரத்தடியில் அருகு சோகை பிடித்து நிற்பதற்கு இது ஒரு காரணம். அங்கே மண்ணை மண்ணாக விட்டுவிடுவது உத்தமம்.

நடுவதற்கு ஆடி, ஆவணி நல்லது. முதலில் ஒரு மழைக்கு மண்ணை நனையவிட்டு, முளைக்கும் கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டவர்கள் பிறகு வருடக்கணக்கில் கோரை பிடுங்குவார்கள். பின், வேர்பிடித்த அருகுத் துண்டுகளை அரை அடிக்குள் இடைவெளி விட்டு ஊன்றலாம். தோட்டக்கலையில் இன்னொரு முறை உண்டு, எனக்கு அதுதான் பிடிக்கும்: நறுக்கிய புல், தோட்டமண், பச்சைச் சாணம், கொஞ்சம் சாம்பல் எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுக் குழைத்துத் தரையில் பூசிவிடுவது. தரை மெழுகத் தெரிந்த கைக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றுமில்லை.

கோடையில்தான் சோதனை. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர் என்றால் 1 லிட்டர். நாளுக்கு 5 மி.மீ. கணக்கு வைத்தாலும், 1,000 சதுர அடிப் புல்தரை தினமும் 465 லிட்டர் கேட்கும். மாதத்துக்கு ஏறக்குறைய 14,000 லிட்டர். குடிநீருக்கு லாரியை எதிர்பார்க்கும் தெருவில் இது நியாயமே இல்லை. அருகைக் காயவிடுங்கள். பழுப்பேறும், சாகாது. மண்ணுக்குள் இருக்கும் தண்டு உயிரோடு காத்திருந்து, மழை விழுந்ததும் கணுக்களில் துளிர்க்கும்.

நர்சரிகளில் விற்கும் கொரியன் புல் மெத்தென்று இருக்கும், ஆனால் மெதுவாக வளரும். நடுவில் சொட்டை விழுந்தால் மூட நாளாகும். விளையாட்டு மைதானங்களில் புகழ்பெற்ற 'டிஃப்வே' அருகின் கலப்பு வாரிசு. அமெரிக்காவின் டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்தில் கிளென் பர்ட்டன் உருவாக்கி 1960-இல் வெளிவந்தது. விதை பிடிக்காது, துண்டு நட்டுத்தான் பெருக்க வேண்டும். இதே பர்ட்டன் தந்த ஆண்மலட்டுக் கம்பைத் தாயாக வைத்துத்தான் 1965-இல் இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுக் கம்பு வந்தது. புல்லைவிட இது பெரிய உபகாரம்.

வெட்டும்போது இலை உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அதிகம் போனால் வேர் வளர்ச்சி நின்றுவிடும். சின்ன முற்றத்துக்குக் கையால் தள்ளும் உருளைப் புல்வெட்டி போதும், பட்டிங் செய்ததன் நேர் வாரிசு அது. கார்த்திகையில் இரண்டு வாரம் விடாமல் பெய்து புல் கணுக்காலைத் தாண்டிவிட்டால் மட்டும் அது திணறும். அன்றைக்கு முதலில் அரிவாளால் மேலாக அறுத்துவிட்டு, நாலைந்து நாள் கழித்து உருளையை இறக்குங்கள். அறுத்த புல்லுக்கு மாடு வைத்திருப்பவர் யாராவது தெருவில் இருப்பார்.