வயிற்றுக்குள் புடைக்கும் பெரிய இரத்தக் குழாய்: ஆபரேஷன் செய்தால் பிழைப்பாரா?



இதயத்திலிருந்து புறப்பட்டு மார்பு வழியாக வயிற்றுக்கு இறங்கும் பெரிய இரத்தக் குழாய்க்கு மகாதமனி என்று பெயர். வயிற்றில் அதன் அகலம் சுமார் 2 சென்டிமீட்டர். பழைய சைக்கிள் டியூபில் நைந்த இடம் புடைப்பது போல இதுவும் புடைக்கலாம். 3 சென்டிமீட்டரை எட்டினால் அது நோய். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள், 65 வயது தாண்டிய ஆண்கள், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், இந்நோய் கண்டவரின் உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருக்கு வர வாய்ப்பு அதிகம்.

“வலியே இல்லையே, எதுக்கு ஆபரேஷன்?”

வெடித்துவிட்டால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. ஆனால் எல்லா வீக்கத்துக்கும் கத்தி தேவையில்லை. பொதுவாக ஆணுக்கு 5.5, பெண்ணுக்கு 5 சென்டிமீட்டர் ஆனால்தான் ஆபரேஷன் பற்றிப் பேசுவார்கள். அதுவரை ஸ்கேன் எடுத்துக் கவனிப்பார்கள்.

“வயித்தைத் திறந்தா பிழைப்பாரா?”

வழி இரண்டு. ஒன்று, வயிற்றைத் திறந்து செயற்கைக் குழாய் தைப்பது. மற்றது, தொடை வழியாக உறைபோட்ட குழாயை உள்ளே செலுத்துவது. பிரிட்டனில் 2004இல் வெளியான ஆய்வில், சாதாரண வீக்கத்துக்கு ஆபரேஷன் செய்த 1000 பேருக்கு, 30 நாளில் இறந்தவர்கள் முதல் வழியில் 47, இரண்டாம் வழியில் 17. ஆனால் சில ஆண்டுகளில் இந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. தொடை வழியில் போட்ட குழாய் கசியலாம்; மறு சிகிச்சை தேவைப்படலாம். ஆயுள் முழுவதும் ஸ்கேன் எடுக்க வேண்டும்.

சிக்கலான வீக்கம் எது?

சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் கிளைக் குழாய்கள் பிரியும் இடத்தில் வருவது. இதில் ஆபத்து கூடுதல். சிறுநீரகம் கெடலாம். தண்டுவடத்துக்கு இரத்தம் குறைந்து கால்கள் செயலிழக்கலாம். ஆகவே இதை அடிக்கடி செய்து பழகிய பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கள்.

இருவரும் சேர்ந்து டாக்டரிடம் கேளுங்கள்:

1. வீக்கம் எத்தனை சென்டிமீட்டர்?
2. சிறுநீரகக் கிளைகளும் சேர்ந்திருக்கிறதா?
3. இவர் உடம்புக்கு எந்த வழி ஏற்றது, ஏன்?
4. ஆபரேஷன் வேண்டாமென்றால் என்ன ஆகும்?

“பொண்டாட்டி பயந்துடுவா” என்று மறைக்காதீர்கள். அம்மா, நீங்களும் கூடவே போய்க் கேளுங்கள். முடிவு இருவருடையதாக இருக்கட்டும்.

பீடியை இன்றே விடுங்கள். கொதிப்பு மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுங்கள். வயிற்றிலோ முதுகிலோ திடீரென்று கடும் வலி, மயக்கம், குளிர்ந்த வியர்வை வந்தால் கஷாயம் வைத்துக் காத்திருக்காதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள்.